3,70,000 கிலோமீட்டர் ஓடிய அப்பாவின் பிக்கப்: வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது. அவருடைய அப்பா 15 வருடங்களுக்கு முன் புதிதாக வாங்கிய டீசல் பிக்கப் இப்போது இவர் கையில் இருக்கிறது. 3,70,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர். அப்பா காலமாகி ஒன்றரை வருடமாகிறது. அவர் நடத்திய நாற்றுப் பண்ணையை இப்போது இவர் பார்த்துக்கொள்கிறார். மண், உரம், செடித் தொட்டி என்று வாரத்தில் ஐந்து நாள் வண்டிக்கு வேலை இருக்கிறது. எந்தப் பாகத்தை எப்போது மாற்றினார் என்று அப்பா எழுதி வைத்த நோட்டு கிடைக்கவில்லை.

இன்ஜின் சாவி போட்டதும் எடுக்கிறது, புகை இல்லை. ஆனால் மூன்று விஷயங்கள் அவரை உறுத்துகின்றன. வண்டி கைக்கு வந்ததிலிருந்தே இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் மாதம் அரை லிட்டர் அளவுக்குக் குறைகிறது, தண்ணீர் ஊற்றி நிரப்பிவிடுகிறார். கியரை ‘டி’க்குத் தள்ளும்போது அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். பிரேக் மிதி முன்பைவிட மெத்தென்று இறங்குகிறது. “எப்போது வேண்டுமானாலும் இன்ஜின் போகும், விற்றுவிடுங்கள்” என்கிறார் மெக்கானிக். “கெட்டியான ஆயில் ஊற்றி ஓட்டு, போதும்” என்கிறார் உறவினர் ஒருவர். “கியர்பாக்ஸ் ஆயிலைத் தொடாதே, தொட்டால் கியர்பாக்ஸ் போய்விடும்” என்கிறார் இன்னொருவர். வேறு வண்டி வாங்க இப்போது வசதியில்லை. எதை முதலில் செய்வது, எதற்குச் செலவு செய்வது வீண் என்று கேட்கிறார். “அப்பா கைபட்ட வண்டி” என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். வண்டியை வைத்துக்கொள்ள நீங்கள் ஆசைப்படுவதில் தவறே இல்லை. அது நடக்குமா என்பதை நாலைந்து சோதனைகளில் தெரிந்துகொள்ளலாம். அந்தச் சோதனைகளைச் செய்யாமலேயே விற்கச் சொன்னதுதான் உங்கள் மெக்கானிக்கிடம் நான் ஒத்துப்போகாத இடம்.

3,70,000 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அமெரிக்காவில் 2007 மாடல் டொயோட்டா டன்ட்ரா பிக்கப் ஒன்று 10 லட்சம் மைல், அதாவது சுமார் 16 லட்சம் கிலோமீட்டர் ஓடியது. 2016இல் அந்த நிறுவனமே அதைத் திரும்ப எடுத்து, பிரித்துப் பார்த்தது. அது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி, ஒழுங்காக சர்வீஸ் பார்க்கப்பட்ட வண்டி. உங்களுடையது சுமை இழுக்கிற, புழுதியில் நிற்கிற வண்டி, ஆகவே இரண்டையும் ஒப்பிட முடியாது. ஆனாலும் இன்ஜினின் ஆயுளை ஓடோமீட்டர் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி.

பட்டறையில் இத்தனை வருடங்களில் நான் பார்த்த பழைய பிக்கப்புகளில், தேய்ந்து தேய்ந்து இயல்பாக முடிந்துபோன இன்ஜின்கள் குறைவு. சின்னப் பாகம் ஒன்று போய், அது பெரிய பாகத்தையும் இழுத்துக்கொண்டு போனதுதான் அதிகம். பத்து நிமிடத்தில் மாற்றக்கூடிய ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்து, இன்ஜின் சூடேறி, சிலிண்டர் ஹெட் வளைந்து வந்த வண்டிகள் எத்தனையோ. அதனால் ‘எது பழசு’ என்று பட்டியல் போடாதீர்கள். ‘எது போனால் எதைக் கொண்டுபோகும்’ என்று பாருங்கள். கையில் இருக்கும் பணத்தை அந்த வரிசையில் செலவு செய்யுங்கள்.

நோட்டு கிடைக்காததால் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது. மாற்றியதற்கு ஆதாரம் இல்லாத எதையும் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கவனமானவராகவே இருந்திருப்பார். ஆனாலும் வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் விஷயத்தில் நம்பிக்கையை வைத்து ஓட்ட முடியாது.

பிரேக்: அடுத்த லோடு ஏற்றுவதற்கு முன்

மிதி மெத்தென்று இறங்குவதைக் கடிதத்தில் மூன்றாவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முதலில் வைக்கிறேன். மற்றவை பெரும்பாலும் வண்டியைத்தான் கெடுக்கும், இது உங்களையும் எதிரில் வருபவரையும் பாதிக்கும். இதைப் பார்க்கும்வரை சுமை ஏற்ற வேண்டாம்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 3 என்ற பிரேக் ஆயில் வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்தால் அந்த வரம்பு 140க்கு இறங்கிவிடுகிறது. டாட் 4இல் 230 என்பது 155 ஆகிறது. சுமையோடு நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி இறங்கினால் இந்தச் சூடு சாதாரணமாக வரும். ஆயில் உள்ளே கொதித்துக் குமிழி வந்துவிட்டால் மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

மெக்கானிக்கிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஆயிலை முழுதாக மாற்றி காற்று எடுக்க வேண்டும், ரப்பர் ஹோஸ்கள் உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பின் சக்கர டிரம் பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும். பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கு மேலே, சுமைக்கு ஏற்றபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கும். அது துருப்பிடித்து இறுகிவிட்டால் யாரும் கவனிப்பதில்லை. உங்கள் வண்டியில் இருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே ஒன்று செய்து பார்க்கலாம். வண்டி நிற்கும்போது இன்ஜினை ஓடவிட்டு, மிதியை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குத் தரும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் கசிகிறது.

குறையும் கூலண்ட்

மாதம் அரை லிட்டர் என்றால் ஒன்றரை வருடத்தில் 9 லிட்டர். உங்கள் வண்டி மாதிரியான டீசல் பிக்கப்பில் மொத்தக் கொள்ளளவே ஏறக்குறைய அவ்வளவுதான். அப்பா ஊற்றிய கூலண்டில் அநேகமாகப் பாதிகூட இப்போது உள்ளே இருக்காது. தண்ணீர் ஊற்றியதை நான் குறை சொல்லவில்லை, காலியாக ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ‘தண்ணீரும் கூலண்டும் ஒன்றுதான்’ என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கூலண்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, வாட்டர் பம்ப் சீலைக் காக்கும் குணம் இருக்கிறது. பாதிக்குப் பாதி கலவை திறந்த பாத்திரத்திலேயே சுமார் 108 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். வெறும் குழாய்த் தண்ணீரில் உப்பு படிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் உள்ளுக்குள்ளேயே அடைபடும்.

சரி, அரை லிட்டர் எங்கே போகிறது? வெளியே போனால் தடயம் இருக்கும். ஹோஸ் முனைகளில் வெள்ளை அல்லது பச்சை உப்புப் படிவு, வாட்டர் பம்ப் அடியில் ஈரம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் மெல்லிய விரிசல், முன் இருக்கையின் கால் விரிப்பில் தித்திப்பான வாடை. அந்தப் பிளாஸ்டிக் தொட்டி பழுப்பாகி மொறுமொறுப்பாக இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. கூலிங் அமைப்பில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்த்தால் அரை மணி நேரத்தில் பெரும்பாலான கசிவுகள் தெரிந்துவிடும்.

வெளியே எந்தத் தடயமும் இல்லையென்றால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் அல்லது இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலர் வழியாக உள்ளே போகிறது. ஹெட் கேஸ்கட்டுக்கு ஒரு திரவச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை நீல நிறத் திரவம் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயு அதில் கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். உங்கள் வண்டியின் எதிர்காலத்தை வேறு எதையும்விடத் தெளிவாகச் சொல்லப்போவது இந்தச் சின்னச் சோதனைதான்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்பதால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பல வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் உள்ளேயேதான் போகிறது. அது அரித்து ஓட்டை விழுந்தால் கூலண்ட் கியர்பாக்ஸுக்குள் இறங்கும், ஆயில் இளஞ்சிவப்புப் பால் மாதிரி ஆகிவிடும். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் அதைத் தாங்காது. ஒரு ரேடியேட்டர் போய் ஒரு கியர்பாக்ஸைக் கொண்டுபோகிறது. உங்களுடையது 15 வருட ரேடியேட்டராகவே இருந்தால், கசிவு அதில் இல்லையென்றாலும் மாற்றிவிடுங்கள். கூடவே ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், மூடி எல்லாவற்றையும் மாற்றி, கையேடு சொல்லும் வகைக் கூலண்டையே ஊற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்குப் பொதுவான தரவிதி எதுவும் கிடையாது.

இரண்டு எச்சரிக்கைகள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. சூட்டைக் காட்டும் ஊசி மேலே ஏறினால் ‘இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டாமல் அந்த நிமிடமே ஓரம்கட்டி நிறுத்துங்கள். கூலண்ட் முழுதாக வெளியேறிவிட்டால் ஊசி சில நேரம் கீழே இறங்கிக்கூடக் காட்டும், ஏனென்றால் சென்சார் அப்போது காற்றில் நிற்கிறது. ஏறிய ஊசி திடீரென்று இறங்கினால் அதை நம்ப வேண்டாம்.

டைமிங் பெல்ட்டா, செயினா?

உங்கள் இன்ஜினில் எது இருக்கிறது என்று கடிதத்தில் இல்லை. கையேட்டில் பாருங்கள். பெல்ட் என்றால் பொதுவாக 1,00,000 முதல் 1,60,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டும். குறைவாக ஓடினாலும் ரப்பருக்கு வயதாகும், அதனால் வருடக் கணக்கும் உண்டு. டீசல் இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வில் மோதும், அந்த ஒரு நொடியில் இன்ஜின் முடிந்துவிடும். முன்கூட்டிச் சத்தம் எதுவும் வராது. சில வண்டிகளில் மாற்றும் நேரம் வந்ததும் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். பெல்ட்டை மாற்றாமல் விளக்கை மட்டும் அணைத்துவிட்ட வண்டிகளும் என்னிடம் வந்திருக்கின்றன. அதனால் விளக்கு எரியவில்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாற்றும்போது பெல்ட்டைப் பிடித்து ஓட்டும் டென்ஷனர், ஐட்லர் உருளைகள், பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப் என்றால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். பிரிக்கிற கூலி ஒன்றுதான்.

செயின் என்றால் இவ்வளவு அவசரம் இல்லை. காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது சில நொடி கடகடவென்று கேட்டால் மட்டும் காட்டுங்கள்.

‘கெட்டி ஆயில்’, ‘தொடாத கியர்பாக்ஸ்’

உறவினர் சொன்ன கெட்டி ஆயில் யோசனையை விட்டுவிடுங்கள். தேய்ந்த இன்ஜினில் அது சத்தத்தைக் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த இன்ஜினில் கெட்டி ஆயில் டர்போ பேரிங்குக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும், அதற்குள் தேய்மானம் நடந்துவிடும். புகையும் இல்லை, ஆயில் குடிப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை. கையேட்டில் உள்ள கிரேடே சரி. டீசல் புகைவடிகட்டி இருக்கும் வண்டி என்றால் அதற்கென்று சாம்பல் குறைவான ஆயில் வகை இருக்கிறது, அதை விட்டு வேறு வகை ஊற்றக் கூடாது.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கையேட்டில் இரண்டு அட்டவணை இருக்கும். சுமை, புழுதி, குறுகிய தூர ஓட்டம், நின்றபடி இன்ஜின் ஓடுவது இவையெல்லாம் ‘கடின உபயோகம்’ என்ற இரண்டாவது அட்டவணையில் வரும். உங்கள் வண்டி அதற்குள்தான் வருகிறது. முதல் அட்டவணையில் 10,000 கிலோமீட்டர் என்று இருந்தால் இதில் பெரும்பாலும் 5,000 என்று இருக்கும். ஆயில் சீக்கிரம் கறுப்பானால் பயப்பட வேண்டாம், டீசலில் புகைக்கரி சேர்ந்து அப்படித்தான் ஆகும். பால் கலந்த மாதிரி இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

முடிந்தால் அடுத்தமுறை வடிக்கும் ஆயிலில் ஒரு சின்னப் புட்டி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரும்பு, செம்பு அதிகமாக இருந்தால் உள்தேய்மானம். சிலிக்கான் அதிகமென்றால் பெரும்பாலும் ஏர் ஃபில்டரைத் தாண்டிப் புழுதி உள்ளே போகிறது. சோடியமும் பொட்டாசியமும் கூடியிருந்தால் அநேகமாகக் கூலண்ட்தான் ஆயிலில் கலக்கிறது. உங்கள் அரை லிட்டர் கேள்விக்கு இதுவும் பதில் சொல்லும்.

கியர்பாக்ஸ் பற்றி அந்த இன்னொருவர் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கியர் நழுவ ஆரம்பித்த பிறகுதான் பலர் ஆயிலை மாற்ற வருகிறார்கள். மாற்றிய சில நாளில் அது நின்றுவிடும். ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்த கியர்பாக்ஸ் அது, ஆனால் பழி புது ஆயில் மேல் விழும். உங்களுடையது ஒழுங்காகக் கியர் மாறுகிறது என்றால் மாற்றுவதே நல்லது. மெஷின் வைத்து அழுத்தத்தோடு அலசுவதைப் பழைய கியர்பாக்ஸில் நான் செய்வதில்லை. வடிகுழாயைத் திறந்தால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் வெளியே வரும். எவ்வளவு வந்ததோ அதே அளவு, அதே வகை ஆயில் ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி இரண்டு முறை அப்படியே செய்தால் போதும். அடித்தட்டைக் கழற்றும்போது காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. உலோகச் செதில்கள் இருந்தால், அல்லது ஆயில் கருகிய வாடை அடித்தால், அதோடு நிறுத்திக்கொண்டு யோசியுங்கள்.

அந்த ‘டொக்’ சத்தம், அப்புறம் அடிப்பகுதி

அந்தச் சத்தம் கியர்பாக்ஸிலிருந்து வருவதாக நீங்கள் பயப்படலாம். பிக்கப்பில் அது பெரும்பாலும், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ் தேய்ந்ததால் வரும். இன்ஜின் அல்லது கியர்பாக்ஸ் மவுன்ட் ரப்பர் கிழிந்தாலும் வரும். இரண்டுமே மாற்றக்கூடியவை. ஆனால் தள்ளிப்போடாதீர்கள், ஓட்டத்தில் கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் சாலையில் இறங்கும். கிரீஸ் நிப்பிள் இருக்கும் வண்டி என்றால் ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள். அப்போதே பால் ஜாயின்ட், டை ராடு முனைகள், லீஃப் ஸ்பிரிங்கில் விரிசல், யு-போல்ட் இறுக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலின் ஆயிலையும் மாற்றுங்கள். அதன் மேலே இருக்கும் மூச்சுக்குழாய் சேறால் அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள், அடைத்தால் ஆயில் சீல் வழியாகப் பிதுங்கி பின் பிரேக்கை நனைத்துவிடும்.

உங்கள் தொழிலை நினைக்கும்போது என் பெரிய கவலை வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸிஸ்தான். இரசாயன உரம் உப்பு வகை. ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை வேகமாகத் தின்னும். மூட்டையிலிருந்து சிந்துகிற உரமும் ஈர மண்ணும் சேஸிஸ் இரும்புப் பெட்டிகளின் உள்ளே போய்த் தங்கிவிடுகின்றன. வெளியே பெயின்ட் நன்றாகவே தெரியும், உள்ளேயிருந்து அரித்துக்கொண்டிருக்கும். ஒரு சின்னச் சுத்தியலால் சேஸிஸ் நெடுக, முக்கியமாக லீஃப் ஸ்பிரிங் பிடிக்கும் இடங்களில் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் மொத்தையாகக் கேட்கும், ஸ்குரூடிரைவர் அழுத்தினால் உள்ளே போகும். உரம் ஏற்றிய நாளெல்லாம் சாயங்காலம் தளத்தையும் அடிப்பகுதியையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், சேஸிஸில் இருக்கும் வடிதுளைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள். தளத்தில் ஒரு தார்ப்பாய் விரித்து ஏற்றினாலே பாதிப் பிரச்சினை குறையும்.

சுமையையும் கணக்குப் பாருங்கள். ஒரு கன மீட்டர் ஈர மண் 1.5 டன்னைத் தாண்டும். பல பிக்கப்புகளின் அனுமதிக்கப்பட்ட சுமையே சுமார் 1 டன்தான். வண்டித் தளம் நிறைய மண் என்று கண்ணளவில் ஏற்றாதீர்கள்.

மற்றவை சின்ன வேலைகள். டீசல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரை மாதம் ஒருமுறை வடியுங்கள், துளித் தண்ணீர்கூட இன்ஜெக்டர்களைக் கெடுக்கும். பேட்டரி இரவெல்லாம் ஓய்விலிருந்த பிறகு 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.4க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் தயாரானது. ஆறு வருடம் தாண்டினால் வருடாவருடம் காட்டுங்கள், பத்து வருடம் ஆனால் டயரின் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள். ஸ்டெப்னியையும் மறக்க வேண்டாம்.

வைப்பதா, விற்பதா?

திரவம் நீலமாகவே இருந்து, சேஸிஸ் கணீரென்று கேட்டால் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். பிரேக், கூலிங், கிராஸ், டைமிங் பெல்ட், கியர்பாக்ஸ் ஆயில் என்ற வரிசையில் முடிந்தபோது முடிந்ததைச் செய்யலாம். பிரேக்கும் கூலிங்கும் கிராஸும் மட்டும் தவணைக்குக் காத்திருக்கக் கூடாது. திரவம் நிறம் மாறினால் ஹெட் வேலை வரும். சேஸிஸ் நன்றாக இருந்தால் அதையும் செய்யலாம், ஆனால் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, இன்னொரு பட்டறையிலும் கேட்டபின் முடிவெடுங்கள். சேஸிஸ் அரித்து ஓட்டை விழுந்திருந்தால், மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும், இந்த வண்டியில் இனி சுமை ஏற்றக் கூடாது. அப்போது இன்ஜினுக்கு ஒரு செலவும் செய்யாதீர்கள். விற்பதென்றால் தெரிந்த பழுதை வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்லி, எழுதியும் கொடுங்கள். பின்னால் சண்டை வராது, அவர் உயிருக்கும் அது பாதுகாப்பு.

எந்த வேலை செய்தாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை, நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார். அன்றைக்கே ஒரு புது நோட்டில் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம் மூன்றையும் எழுதிவிடுங்கள். அப்பாவின் நோட்டு என்றைக்காவது கிடைத்தால், டைமிங் பெல்ட் வரியை முதலில் தேடுங்கள்.

பிரேக்கைச் சரிசெய்து, கூலண்ட் சோதனையும் முடிந்ததும், திரவம் என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். நிறம் மாறியிருந்தால் ஹெட்டைத் திறக்கும் முன் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தனியாக அனுப்புகிறேன்.